திங்கட்கிழமை திறந்திருக்கும் வீடு

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஊழியக் குடும்பங்கள் போகிற ஒரு மனநல ஆலோசனை மையத்தைப் பற்றி எழுதுகிறேன், ஆனால் அதன் பெயரையோ ஊரையோ நான் எழுதவில்லை. அங்கே இருக்கிறவர்களே அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐயர்மார் (எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் போதகரை ஐயர் என்போம்), அவர்களுக்குத் துணையாகக் கிராமக் கோவில்களைக் கவனிக்கிற உபதேசியார்கள், அவர்கள் வீட்டார். எங்கள் பக்கத்தில் ஐயர் பைக் எது என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பெயர் பரவினால், அந்த வாசலில் யார் பைக் நிற்கிறது என்று பார்க்கவே ஆள் வரும். திருநெல்வேலியிலிருந்து பஸ்ஸில் போய் அன்றைக்கே திரும்பிவிடலாம், அது தெரிந்தால் போதும். வேண்டியவர்கள் நம்பிக்கையான மூத்த ஊழியர் யாரிடமாவது கேளுங்கள். எங்களுக்கும் ஓய்வுபெற்ற ஒரு ஐயர்தான் நம்பர் கொடுத்தார். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது டயரித் தாளைக் கிழித்து எழுதி என் கையில் வைத்தார்.

இப்படி ஒரு இடம் இருக்கிறது, அது எப்படி நடக்கிறது, எங்கே குறை என்று ஊழியக் குடும்பங்களுக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். வேறு ஊரில் இதே மாதிரி ஒன்றைத் தொடங்க நினைக்கிறவர்களுக்கும் உதவும். என் கணவர் படித்துப் பார்த்துச் சம்மதம் சொன்ன பிறகே போடுகிறேன்.

நான் ஐயரம்மாவாகி, அதாவது ஐயர் மனைவியாகி, 19 வருஷம் ஆகிறது. இப்போது இருப்பது ஐந்தாவது சேகரம், தேரிக்காட்டை ஒட்டியது. தலைமைக் கோவிலோடு கிராமக் கோவில்கள் ஆறு. ஒரு ஐயர், இரண்டு உபதேசியார்கள்.

போன வருஷம் ஜூன் மாதம் கிராமக் கோவில் ஒன்றைச் சேர்ந்த பையன் தற்கொலை செய்துகொண்டான். 19 வயது. நாங்கள் இந்தச் சேகரத்துக்கு வந்த வருஷம் என் கணவர்தான் அவனுக்குத் திடப்படுத்தல் வகுப்பு (சபையில் முழு அங்கத்தினராவதற்கான வகுப்பு) எடுத்தார். இப்படி இறந்தவர்களைக் கோவிலுக்குள் கொண்டுவரக் கூடாது, மணி அடிக்கக் கூடாது என்று சில ஊர்களில் இன்றும் பிடிவாதம் உண்டு. 1662-ல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகத்திலேயே, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டவர்களுக்கு அந்த அடக்க ஆராதனை முறைமையைப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு குறிப்பு இருக்கிறது. புத்தகத்தைப் பார்க்காதவர்கள் மனதிலும் அந்தக் குறிப்பு உட்கார்ந்திருக்கிறது. என் கணவர் பெட்டியைக் கோவிலுக்குள் வைத்தே ஆராதனை நடத்தினார். மணியும் அடிக்கச் சொன்னார். அடுத்த கமிட்டியில் இரண்டு பேர் எழுந்து கேள்வி கேட்டார்கள், அவர் பொறுமையாகப் பதில் சொன்னார், பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் அன்று ராத்திரியிலிருந்து அவருக்குத் தூக்கம் போனது.

பிரசங்கக் குறிப்புக்கு அவர் வருஷத்துக்கு ஒரு நீள நோட்டு வைப்பார். வசனத்தை மேலே எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு, கீழே இரண்டு பக்கம் நிறைய எழுதுவார். ஆகஸ்ட் கடைசியில் மேஜையை ஒதுக்கும்போது அந்த நோட்டு திறந்து கிடந்தது. ஜூலை முதல் ஞாயிற்றிலிருந்து வசனம் இருந்தது, சிவப்புக் கோடும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. எட்டு ஞாயிறும் அப்படித்தான். பழைய நோட்டுகளை வைத்துப் பிரசங்கம் பண்ணியிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லை.

ஊரில் கேட்டவர்களுக்கு "நரம்புத் தளர்ச்சி" என்று சொன்னேன். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். கன்வென்ஷன் கூட்டத்துக்கு வந்த ஒரு பிரசங்கியார் என் கணவர் தலையில் கைவைத்து ஜெபித்துவிட்டு, "ஊழியக்காரனுக்கு மனச்சோர்வு வரக்கூடாது ஐயரம்மா, ஜெபம் குறைஞ்சிருக்கும்" என்றார். ராத்திரி மூன்று மணிக்கு முழங்காலில் நிற்கிற மனுஷனைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்த வார்த்தை எனக்கு இன்னும் ஆறவில்லை.

யாரிடம் சொல்வது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. சபையார் தங்கள் பாரத்தை இறக்கிவைக்க அவரிடம் வருகிறவர்கள், அவர்களிடம் இவர் போய்ச் சொல்ல முடியாது. உடன் ஊழியர்களிடம் சொன்னால் கிறிஸ்துமஸுக்குள் திருமண்டலம் (ஒரு பிஷப்பின் கீழ் உள்ள எல்லாச் சபைகளும்) முழுக்கத் தெரிந்துவிடும் என்று பயம். மேலே சொல்லலாம் என்றால், மாற்றல் போடுகிறவர்களும் அவர்களே. அதனால் முதல் திங்கட்கிழமை அங்கே போய் உட்கார்ந்ததும், தண்ணீர்கூடக் குடிக்காமல், என் கணவர் கேட்டது இதுதான்: "இந்த ஃபைலை யார் யார் பார்ப்பாங்க?"

ஆலோசகர் நாற்பது வயது மதிக்கத்தக்கவர், உளவியல் படித்தவர், போதகர் இல்லை. ஃபைலை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். மேலே பெயர் இல்லை, ஒரு எண் மட்டும். சிகிச்சைக்கு வருகிறவருடைய விவரம் ரகசியமாக இருக்கவேண்டும் என்பது அவருடைய உரிமை, 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்திலேயே அது இருக்கிறது என்றார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் வீட்டாரிடம் பேசுவார்களாம், அதையும் முதலில் நம்மிடம் சொல்லிவிட்டுத்தான். திருமண்டல அலுவலகத்திலிருந்து யாராவது போன் பண்ணினால், நாங்கள் இங்கே வருகிறோமா இல்லையா என்பதற்குக்கூடப் பதில் கிடையாது. அவர்களிடம் பணமும் வாங்குவதில்லை, அறிக்கையும் கொடுப்பதில்லை. என் கணவர் அப்போதுதான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இந்த மையத்தில் வேறு எத்தனை குறை இருந்தாலும், இது ஒன்றுக்காகவே நான் எல்லா ஊழியக் குடும்பத்துக்கும் சிபாரிசு செய்வேன்.

இடத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். பழைய ஓட்டு வீடு, முன்னால் போர்டு கிடையாது. பைக்கைப் பின்பக்கம் வேப்பமரத்தடியில் விட்டுவிட்டுச் சமையலறை வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். ஒரு குடும்பம் கிளம்பி அரை மணி நேரம் கழித்துத்தான் அடுத்த குடும்பத்துக்கு நேரம் கொடுக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, திங்கட்கிழமை திறந்திருக்கிறது. சனிக்கிழமை ஆயத்தம், ஞாயிறு ஓட்டம், செவ்வாயிலிருந்து வீட்டு ஜெபம், கமிட்டி, அடக்கம், கல்யாணம். ஊழியக்காரன் கொஞ்சம் மூச்சுவிடுவது திங்களன்றுதான். இதைத் தெரிந்தவர்கள் தொடங்கிய இடம் என்று அதிலேயே புரிந்தது.

ஒரு தாள் கொடுத்தார்கள். மனச்சோர்வு எவ்வளவு என்று அளக்கிற தாள், பி.ஹெச்.க்யூ-9 என்று அதற்குப் பெயர். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, சோர்வு, கவனம் எல்லாம் எப்படி இருந்தன என்று ஒன்பது கேள்வி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. எட்டுக் கேள்விக்கு மளமளவென்று டிக் போட்டார். ஒன்பதாவது, இறந்துபோனால் நல்லது என்ற எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணமோ வந்ததா என்பது. பேனா அங்கே நின்றது. மூடியைப் போட்டார், மறுபடியும் திறந்தார். பிறகு "சில நாட்கள்" என்ற கட்டத்தில் சின்னதாக ஒரு டிக். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதுவரை இது தெரியாது. பையனுடைய அம்மாவுக்கு வாரா வாரம் ஆறுதல் சொல்லப் போய்க்கொண்டிருந்தவர் அவர்.

கூட்டிப் பார்த்தால் 17. ஆலோசகர் பதறவில்லை, உடனே கண்ணை மூடி ஜெபிக்கவும் தொடங்கவில்லை. "இதை இதுவரைக்கும் யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா ஐயா?" என்று கேட்டார். அந்த எண்ணம் எப்போது வருகிறது, வந்தால் என்ன செய்யத் தோன்றுகிறது, அதைத் தடுப்பது எது என்று நேராகவே ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்டால் எண்ணம் கூடிவிடும் என்று நான் பயந்துபோய் இருந்தேன். கேட்பதால் கூடாது, ஒருவரிடம் சொல்ல வழி கிடைத்துப் பாரம் குறையும் என்று பிற்பாடு எனக்கு விளக்கினார்.

மாதத்தில் இரண்டாவது, நான்காவது திங்கட்கிழமை மனநல மருத்துவர் வருகிறார். மாத்திரை எழுதும் முன் தைராய்டு, பி12, சர்க்கரை மூன்றுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வருமாம். எங்களுக்கு அதெல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை முதல் இரண்டு வாரம் வேலை செய்கிற மாதிரியே தெரியாது, வயிற்றைப் புரட்டலாம், நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்கவேண்டும், நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்திவிடக் கூடாது என்று என்னையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். சொன்னபடியேதான் நடந்தது. மூன்றாவது வாரம் நான் நம்பிக்கை இழந்தேன். அக்டோபர் நடுவில் நோட்டில் வசனத்துக்குக் கீழே அரைப் பக்கம் எழுதியிருந்தார்.

அந்த மருத்துவர் சொன்ன ஒரு விஷயத்தை என் கணவர் பஸ்ஸில் வரும்போது என்னிடம் இரண்டு தடவை சொன்னார். ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மிஷனெரி 1907-ல் இந்தியாவுக்கு வந்தவர். எட்டு வருஷ ஊழியத்தில் மனமும் உடம்பும் நொறுங்கிப்போய் ஊருக்குத் திரும்பவேண்டி வந்தது. ஓய்வெடுத்து மறுபடி வந்தும் மறுபடி விழுந்தார். அதே மனிதர்தான் 1950-ல் லக்னோவில் நூர் மன்ஸில் என்ற மனநல மருத்துவமனையைத் தொடங்கினார். "அவர் ஊழியத்தை யாரும் குறைவுன்னு சொல்லலையே" என்றார் என் கணவர். பல மாதத்துக்குப் பிறகு அவராக வாய்திறந்து பேசின பேச்சு அது.

ஆலோசனை வாரம் ஒரு தடவை, 50 நிமிஷம். எங்களுக்கு எட்டுத் தடவை வாரா வாரம், அப்புறம் மாதம் ஒன்று. ஒரு தடவைக்கு 400 ரூபாய், மருத்துவருக்கு 500. உபதேசியார் குடும்பங்களுக்கு 100 ரூபாய்தான், அதுவும் இருந்தால் கொடுக்கலாம். அவர்கள் கையில் வருகிற சம்பளம் எவ்வளவு என்று அறிந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாவது வாரம் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் முழுக்க எந்த மணிக்கு என்ன செய்தார் என்று எழுதிவரவேண்டும். எழுதியதைக் கூட்டினால் 74 மணி நேரம். போன் மட்டும் 138. அதில் நிஜமாகவே ஐயர்தான் எடுத்தாகவேண்டும் என்று இருந்தவை எத்தனை என்று கேட்டார் ஆலோசகர். எண்ணிப் பார்த்தால் 31. மைக் செட்டுக்காரர், கோவில் அசன விருந்துக்கு அரிசி எத்தனை மூட்டை, கல்லறைத் தோட்டத்துச் சுவர், மற்றதெல்லாம் இப்படி.

இதைக் கையில் வைத்துக்கொண்டு என் கணவர் கமிட்டிக்குப் போனார். தன் உடம்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. திங்கட்கிழமை சேகர போன் செயலரிடம் இருக்கும், இறப்பும் ஆஸ்பத்திரி அவசரமும் மட்டும் தனக்கு வரட்டும் என்று கேட்டார். ஒரு மூப்பருக்கு இது பிடிக்கவில்லை. அடுத்த ஞாயிறு என் கணவர் எண்ணாகமம் 11-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கம் பண்ணினார். இத்தனை ஜனங்களையும் நான் ஒருவனாய்ச் சுமக்க முடியாது, இப்படியே வைப்பதானால் என்னைக் கொன்றுபோடும் என்று மோசே கர்த்தரிடம் முறையிடுகிற இடம். கர்த்தர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, மூப்பரில் 70 பேரைக் கூட்டிவரச் சொல்கிறார், அவரோடு சேர்ந்து அவர்களும் சுமப்பதற்காக. அந்தக் குறிப்பு நோட்டில் இரண்டு பக்கத்துக்கும் மேல் இருக்கிறது. முரண்டு பிடித்த அதே மூப்பர் இப்போது திங்கட்கிழமை போனை எடுக்கிறவர்களில் ஒருவர்.

இனிக் குறைகள். முதலாவது என் குறை. நான் ஒவ்வொரு தடவையும் கூடப் போனேன். தூங்குகிறாரா, மாத்திரை போடுகிறாரா, சாப்பிடுகிறாரா என்று என்னிடம் கேட்டார்கள், எழுதிக்கொண்டார்கள். நான் தூங்குகிறேனா என்று நான்காவது வாரம்வரை யாரும் கேட்கவில்லை. அதற்குள் எனக்கு எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. கடைசியில் நானாகவே கேட்டேன். உடனே ஒத்துக்கொண்டார்கள், வருத்தமும் சொன்னார்கள், ஆனால் பெண் ஆலோசகர் வியாழக்கிழமை மட்டும்தான் வருகிறார். வியாழன் எங்களுக்குப் பெண்கள் ஐக்கிய சங்கம். மூன்று தடவைதான் போக முடிந்தது. அந்த மூன்றும் எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை. நான்கு வருஷத்துக்கு ஒரு ஊர், ஒவ்வொரு ஊரிலும் எல்லாருக்கும் அம்மா, யாருக்கும் சிநேகிதி இல்லை. இதை நான் வாய்விட்டுச் சொன்னதே அங்கேதான். ஐயரம்மாக்களுக்கும் திங்கட்கிழமையே ஒரு பெண் ஆலோசகரை வைக்கவேண்டும். ஊழியனோடு கூட வருகிறவள் என்று பார்க்காமல் தனியாக ஒரு ஃபைல் போடவேண்டும்.

இரண்டாவது, இவர்கள் நடத்துகிற மூன்று நாள் கொடைக்கானல் தியான முகாம். போகவேண்டாம் என்பது என் கருத்து. மையத்தில் அவ்வளவு கவனமாக இருக்கிறவர்கள் அங்கே எப்படி இதை விட்டார்கள் என்று புரியவில்லை. ஒரே திருமண்டலத்து மூத்த ஐயர்மாரையும் புதிதாகப் பட்டம் பெற்ற இளம் ஐயர்மாரையும் வட்டமாக உட்காரவைத்து, மனம்திறந்து பேசுங்கள் என்றால் யார் பேசுவார்கள்? எல்லாரும் சாட்சி சொன்னார்கள். ஒருவர்கூட உண்மையைச் சொல்லவில்லை. காலை ஐந்து மணிக்கு மணி அடித்து ஜெபத்துக்கு எழுப்பினார்கள், தூக்கமில்லாமல் வந்தவர்களை. முடிந்ததும் எல்லார் நம்பரையும் போட்டு ஒரு வாட்ஸ்அப் குழு. இதைக் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். குழுவைக் கலைத்துவிட்டார்கள், முகாம் அப்படியே இருக்கிறது.

படுக்கையில் வைத்துப் பார்க்கும் வசதி இங்கே இல்லை. அப்படித் தேவைப்பட்டால் வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்துக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். எங்கள் சபையில் ஒரு குடும்பம் போய்வந்தது. அங்கே வீட்டார் ஒருவர் நோயாளியோடு கூடவே தங்கவேண்டும், அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதி. இந்த ஏற்பாடு எல்லாருக்கும் எட்டாது என்றால் 14416 இருக்கிறது. அரசின் டெலி மானஸ், அக்டோபர் 2022-ல் தொடங்கியது, காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். எங்கள் ஏழு கோவில் அறிவிப்புப் பலகையிலும் அந்த எண்ணை எழுதிவைத்திருக்கிறோம்.

இந்த மையம் செய்கிற இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கேட்டால் சேகரத்துக்கே வந்து ஒரு நாள் வகுப்பு எடுக்கிறார்கள். நாங்கள் பிப்ரவரியில் கூப்பிட்டோம். உபதேசியார்கள், ஓய்வுநாள் பள்ளி டீச்சர்கள், பெண்கள் ஐக்கிய சங்கம், மூப்பர்கள், மொத்தம் 46 பேர். பேயா நோயா என்று பெரிய வாக்குவாதம் வரும் என்று பயந்தேன். வந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை. "ஜெபம் பண்ணுங்க, கூடவே ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க, மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க" என்று மூன்றே வாக்கியம். அப்புறம் ஒரு மணி நேரம் பேசிப் பழகவைத்தார். ஒருவர் "இருந்து என்ன பிரயோஜனம்" என்று சொல்லவேண்டும், மற்றவர் "சாகணும்னு தோணுதா?" என்று கேட்டுப் பழகவேண்டும். முதல் தடவை ஒருவருக்கும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. என் பக்கத்தில் இருந்த மூத்த உபதேசியார் மூன்றாவது தடவை சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பையனுடைய கிராமக் கோவில் உபதேசியார் அவர். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருதவேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்று அதே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்பதையும் அன்று எடுத்துச் சொன்னார்கள். மணி அடித்ததற்குக் கேள்வி கேட்டவர்களில் ஒருவர் அதைத் தன் டயரியில் எழுதிக்கொண்டார்.

கடைசியாகப் பூச்சிமருந்தைப் பற்றிப் பேசினார்கள். கையெட்டும் தூரத்தில் இல்லாமல் இருந்தாலே பல உயிர் தப்பும், அந்த எண்ணம் உச்சத்தில் இருக்கும் நேரம் பெரும்பாலும் கொஞ்சமே என்று சொன்னார்கள். கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமங்களில், சென்னையின் சிநேகா அமைப்பு விவசாயிகளின் மருந்துகளைப் பொதுவான ஓரிடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்து பார்த்ததையும் சொன்னார்கள். சிநேகா 1986-லிருந்து தற்கொலைத் தடுப்புக்காகவே வேலை செய்கிற அமைப்பு.

வகுப்பு முடிந்து நான்கு நாள் கழித்து, முருங்கைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு அம்மா சாயங்காலம் நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு வந்தார். முந்தானையில் முடிந்திருந்த ஒரு சாவியை அவிழ்த்து என் கையில் கொடுத்தார். மோட்டார் அறைச் சாவி. "மருந்தெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு ஐயரம்மா. அடிக்கணும்னா வந்து வாங்கிக்கிறேன். வீட்ல இருக்க வேண்டாம்" என்றார். யாருக்காக என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்டேன், வகுப்பில் பழகின மாதிரி நேராகவே. சொன்னார். அடுத்த திங்கட்கிழமை நாங்கள் நாலு பேராகப் பஸ் ஏறினோம்.

சாவி இப்போது குருமனை அடுப்படியில் ஆணியில் தொங்குகிறது. இதுவரை இரண்டு தடவை வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வருகிற மே மாதம் எங்களுக்கு மாற்றல் வரக்கூடும், அப்போது இதை என்ன செய்வது என்று கேட்டேன். "வர்ற ஐயரம்மாகிட்ட நீங்களே சொல்லிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.